இருவாச்சி வீட்டு வாசல்

மலைக்காட்டில் ஒரு வயதான நாங்கு மரம். அதன் நடுப்பகுதியில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் ஒரு இருவாச்சிப் பறவைத் தம்பதி குடியிருந்தது. புருஷன் பெயர் சிங்காரம். பெண்டாட்டி பெயர் வடிவு.

இருவாச்சிகளின் குடித்தனம் மற்ற பறவைகளைப் போலக் கிடையாது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து, வாசலை உள்ளேயிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரே ஒரு கீறல் மட்டும் விட்டு வைக்கும். உள்ளே போனதும் அதன் இறகெல்லாம் உதிர்ந்துவிடும். புது இறகு முளைக்கும்வரை பறக்க முடியாது. வெளியே இருக்கும் புருஷன் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக நீட்டினால் சாப்பாடு. இல்லையென்றால் பட்டினிதான்!

சிங்காரம் நல்ல புருஷன். அதில் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் கிளம்புவான். அத்தி மரம், ஆல மரம் என்று அலைவான். தொண்டை கொள்ளாமல் பழத்தை அடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுவான். வடிவு உள்ளேயிருந்து வாங்கிக்கொள்வாள். முட்டை பொரிந்து குஞ்சும் வந்துவிட்டது. உடம்பில் ஒரு இறகு கிடையாது, ஆனால் வாய் மட்டும் எந்நேரமும் திறந்தே இருந்தது!

சிங்காரத்துக்கு இருந்தது ஒரே ஒரு பலவீனம். நாலு பேர் பார்த்து 'சபாஷ்!' என்று சொல்லிவிட்டால் போதும், அவனுக்குத் தலைகால் புரியாது.

ஒரு நாள் சொக்கி என்ற மைனா அந்தப் பக்கம் வந்தது. சொக்கி ஊர் சுற்றி. மலையடிவாரத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதன் சன்னலில் போய் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதுதான் அதற்குப் பொழுதுபோக்கு.

"என்ன அண்ணாச்சி, இதுவா உங்க வீட்டு வாசல்?" என்றது சொக்கி.

"ஆமா. ஏன், என்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்ல. யாரோ சேத்தை வாரி அடிச்சிட்டு ஓடிப்போன மாதிரி இருக்கு! அதான் கேட்டேன்."

சிங்காரத்துக்குச் சுருக்கென்றது. "எல்லா இருவாச்சி வீடும் இப்படித்தான் இருக்கும்," என்றான் மெதுவாக.

"அதனாலதான் உங்க வீட்டை யாரும் திரும்பிக்கூடப் பாக்கிறதில்ல! அந்த விடுதிக்காரம்மாவைப் பாருங்க. காலி பாட்டிலைத் தூக்கிப் போட மாட்டா. அதுல தண்ணி ஊத்திக் கொடியை விட்டுருவா. சிரட்டைக்குச் சாயம் அடிச்சு வாசல்ல தொங்க விடுவா. பழைய சேலையைக் கிழிச்சுப் பின்னி மிதியடி ஆக்கிருவா. அஞ்சு பைசா செலவு கிடையாது. வர்றவங்க எல்லாம் வாசல்லயே நின்னு போட்டோ எடுக்கிறாங்க!"

"செலவே கிடையாதா?"

"கிடையவே கிடையாது! கையில இருக்கிறதை வெச்சு நாமே செய்யணும். அதுதான் கெட்டிக்காரத்தனம். உங்களுக்குக் கை இல்லைன்னா என்ன, அந்த அலகு எதுக்கு இருக்கு?"

சொல்லிவிட்டுச் சொக்கி பறந்துவிட்டது. அதற்கென்ன, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாயிற்று. சிங்காரத்தின் தலைக்குள் பற்றிக்கொண்டது!

அன்றைக்கே வேலை ஆரம்பமானது. ஓடைக்கரைப் பாசியைப் பெயர்த்து வந்தான். காட்டுக்கோழி உதிர்த்த இறகுகளைப் பொறுக்கினான். பாம்புச் சட்டை ஒன்று முள்செடியில் கிடந்தது. அதையும் எடுத்துவந்து கீறலுக்கு மேலே தோரணமாகக் கட்டினான். ஆலமரத்துப் பாலைத் தொட்டுத் தொட்டுக் குன்றிமணிகளை வரிசையாக ஒட்டினான். சும்மா சொல்லக்கூடாது, பயலுக்குக் கைவண்ணம் இருக்கத்தான் செய்தது.

"என்னங்க!" உள்ளேயிருந்து வடிவின் குரல் வந்தது. "வெளியே ஏதோ கொத்துற சத்தம் கேக்குதே?"

"வாசலை அழகுபடுத்துறேன் வடிவு! நீ பாத்தா அசந்து போயிருவ!"

"நான் எங்கிட்டுப் பாக்க? எனக்குத் தெரியறது உள்பக்கத்து மண்ணு மட்டும்தான். அது இருக்கட்டும், பழம் எங்கே?"

"இதோ வந்துட்டேன், இன்னும் கொஞ்சம்!"

இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொழுது சாய்ந்துவிட்டது. அன்றைக்கு உள்ளே போனது நாலே நாலு அத்திப்பழம். வடிவு அதைக் குஞ்சுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா படுத்துக்கொண்டாள்.

மறுநாள் மலை அணில் அந்த வழியாகத் தாவிக்கொண்டு போனது. வாசலைப் பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

"அடேயப்பா! இதென்ன வீடா, கோயிலா? யார் செஞ்சது?"

"நானேதான்!" சிங்காரம் கழுத்தை நீட்டிக்கொண்டான். "எல்லாம் சும்மா கிடைச்சதுதான். ஒரு செலவு இல்ல!"

அணில் போய்ப் பச்சைப்புறாவிடம் சொன்னது. பச்சைப்புறா குக்குறுவானிடம் சொன்னது. கூட்டம் கூட்டமாக வந்து பார்க்க ஆரம்பித்தார்கள். சிங்காரம் காலையிலிருந்து சாயங்காலம்வரை வாசலிலேயே நின்று விளக்கம் சொன்னான். எந்தப் பாசி எங்கே கிடைக்கும், பாலை எப்போது தொட்டால் நன்றாக ஒட்டும் என்று பாடமே நடத்தினான்!

புகழ்ச்சி என்ன, வயிற்றை நிரப்புமா? அவன் வயிற்றை நிரப்பியது. பசியே எடுக்கவில்லை. தனக்குப் பசிக்காததால் உள்ளே பசிக்கும் என்ற நினைப்பும் அவனுக்கு வரவில்லை.

ஒரு நாள் கருஞ்சிவப்பாகப் பழுத்த அத்திப்பழங்களை அவன் கொண்டுவந்தான். வடிவு பழ வாசனையை மோந்துவிட்டாள். அலகைக் கீறலுக்கு வெளியே நீட்டினாள். பழம் வரவில்லை.

"என்னங்க, பழம் கொண்டாந்தீங்களா?"

"கொண்டாந்தேன். ஆனா நிறம் எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா! இதைச் சாப்பிட்டா வீணாப் போயிரும் வடிவு. குன்றிமணிக்கு நடுவுல ஒட்டிட்டேன். ஜம்முனு இருக்கு!"

வடிவு நீட்டிய அலகை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஒட்டிட்டீங்களா? பழத்தையா?" என்றாள் வடிவு. "அப்ப நான் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்க? வாசல் அழகா இருக்கு, அதைப் பாத்துப் பசியாறுன்னு சொல்லவா?"

"கோவிச்சுக்காத. நாளைக்கு நிறையக் கொண்டாரேன்."

"நாளைக்குப் பசிக்கிறது நாளைக்கு. இன்னைக்குப் பசிக்குதே அதுக்கு என்ன வழி? நான் இறகு உதிர்ந்து போய்க் கிடக்கேன். ஓடிப் போய் எடுத்துட்டு வர முடியுமா என்னால?"

அவள் குரல் உடைந்துவிட்டது. சிங்காரத்துக்கு மனசு என்னவோ போலாயிற்று. உடனே பறந்துபோய்ப் பழம் கொண்டுவரத்தான் நினைத்தான். அந்த நேரம் பார்த்துச் சொக்கி வந்து இறங்கியது. அதன் வாயில் ஒரு வட்டத் தகடு. விடுதிக்காரர்கள் தூக்கிப் போட்ட பழைய சி.டி. பாட்டுத் தகடு அது. வெயில் பட்டதும் ஏழு நிறமும் அதில் ஓடின.

"உங்களுக்குத்தான் அண்ணாச்சி! உச்சியில தொங்க விட்டுப் பாருங்க!"

அவ்வளவுதான். பழம் மறந்துபோனது. தகட்டை மேலே மாட்டினான். அது காற்றில் சுற்றிச் சுற்றி மின்னியது. வெளிச்சம் அடுத்த மலைவரைக்கும் போய் அடித்தது.

"இதோடு ஒரு ஆர்க்கிட் பூங்கொத்து இருந்தா முடிஞ்சது வேலை!" என்றது சொக்கி. "அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குல பூத்திருக்கு. நான் காட்டுறேன், வாங்க!"

"வடிவு, இதோ வந்துடறேன்!" என்று கத்திவிட்டு அவன் கிளம்பிவிட்டான்.

பூவைத் தேடிக் கொத்தெடுத்துத் திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அலகில் ஊதா நிறப் பூங்கொத்து. மனசெல்லாம் சந்தோஷம். நாளைக்கு யார் யார் வந்து என்னென்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே பறந்தான். நாங்கு மரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அந்தச் சத்தம் கேட்டது.

வடிவின் அலறல்!

மின்னுகிற தகட்டைப் பார்த்து, அடுத்த மலையிலிருந்து ஒரு குரங்குக் கூட்டம் வந்திருந்தது. சுவரில் பழம் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் குரங்கு சும்மா விடுமா? ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தன. ஆலம்பால் இறுகிப் போயிருந்தது. பழம் தனியாக வரவில்லை. வாசலில் பூசிய மண்ணையும் கட்டி கட்டியாகப் பெயர்த்துக்கொண்டு வந்தது. குரங்குகள் பழத்தைத் தின்றன, தகட்டைப் பிடுங்கிக்கொண்டன, போய்விட்டன. வாசலில் பாதி காணோம்.

அந்த ஓட்டை வழியாகக் குஞ்சின் வாசனை வெளியே வந்தது. அதை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது ஒரு மரநாய். சிங்காரம் பார்த்தபோது அதன் தலை பொந்துக்குள் இருந்தது. பின்னங்கால்கள் மரப்பட்டையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. உள்ளே வடிவு, இறகு இல்லாத வெறும் சிறகை விரித்துக் குஞ்சை மறைத்துக்கொண்டு, அலகால் குத்திக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பூங்கொத்து எங்கே விழுந்தது என்று சிங்காரத்துக்குத் தெரியாது. வந்த வேகத்திலேயே மரநாயின் முதுகில் போய் மோதினான். அலகுக்கு மேலிருந்த கொம்புக் கொண்டையால் இடித்தான். அலகால் வாலைப் பிடித்து இழுத்தான். "என் பிள்ளையையா! என் பிள்ளையையா!" என்று காடே அதிரக் கத்தினான். உள்ளேயிருந்து வடிவும் அதன் மூக்கிலேயே ஒரு போடு போட்டாள். வெளியே இடி, உள்ளே குத்து. மரநாயால் பொறுக்க முடியவில்லை. வீலென்று கத்திக்கொண்டு கீழே குதித்து, புதருக்குள் ஓடி மறைந்தது.

சிங்காரத்துக்கு மூச்சு வாங்கியது. பொந்துக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே பெண்டாட்டியை முழுசாகப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தாள். அவள் சிறகுக்கு அடியிலிருந்து குஞ்சு தலையை நீட்டி, அவனைப் பார்த்ததும் வாயைப் பிளந்தது. அதற்கு மரநாயும் தெரியாது, ஒன்றும் தெரியாது. பசி மட்டும்தான் தெரியும்.

சிங்காரம் அழுதுவிட்டான்.

"வடிவு, நான் பெரிய மடையன்!"

"அது எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள் வடிவு. "அழுகிறதை அப்புறம் வெச்சுக்கலாம். இருட்டுறதுக்குள்ள மண்ணு கொண்டாங்க. போகும்போதே பிள்ளைக்கு நாலு பழம் குடுத்துட்டுப் போங்க."

மரத்தடியில் குரங்குகள் சிந்திய அத்திப்பழங்கள் கிடந்தன. அவற்றைப் பொறுக்கி ஊட்டிவிட்டு ஓடைக்குப் பறந்தான். அலகு நிறைய ஈரமண் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தான். வடிவு எச்சத்தோடு குழைத்து உள்ளேயிருந்து அப்பினாள். மிச்சமிருந்த இறகு, பாசி, பாம்புச் சட்டை எல்லாவற்றையும் சிங்காரம் தானே கொத்திப் பிய்த்து எறிந்தான். வாசல் மறுபடி சேறு வாரி அடித்த மாதிரி ஆனது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், மரப்பட்டை எது, வாசல் எது என்று அவனுக்கே பிடிபடவில்லை. அப்போதுதான் அந்தச் சேற்றுப் பூச்சு எதற்கென்று அவன் மரமண்டைக்கு ஏறியது!

சில நாள் கழித்துச் சொக்கி வந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"அண்ணாச்சி, உங்க வாசலையே காணோமே! எங்கே போச்சு அந்த அலங்காரமெல்லாம்?"

சிங்காரத்தின் தொண்டை முழுக்க அத்திப்பழம். ஒவ்வொன்றாகக் கீறல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தான். கடைசிப் பழமும் உள்ளே போன பிறகுதான் திரும்பினான்.

"வாசல் காணோம்னா ரொம்ப சந்தோஷம் தாயி," என்றான். "யாருக்கும் தெரியாம இருக்கத்தான் பூசியிருக்கோம். நீ போற வழியில சத்தம் போடாம போ!"

சொக்கிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் சத்தம் போடாமல்தான் போனது.

நாட்கள் ஓடின. வடிவுக்குப் புது இறகு முளைத்தது. ஒரு நாள் காலையில் அவளே வாசலை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குஞ்சு உள்ளேயிருந்தபடியே மறுபடி வாசலைப் பூச ஆரம்பித்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வடிவு கிளையில் உட்கார்ந்து சிறகை விரித்து உதறினாள். அப்புறம் வாசல் பூசிய தன் வீட்டை முதல்முறையாக வெளியேயிருந்து பார்த்தாள்.

பொந்துக்கு மேலே, பட்டை இடுக்கில், ஒரே ஒரு குன்றிமணி சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதென்னங்க?"

சிங்காரம் தலையைக் குனிந்துகொண்டான். "அது மட்டும் எவ்வளவு கொத்தியும் வரலை வடிவு. நாளைக்கு எப்படியும் எடுத்துடறேன்."

வடிவுக்கு வயிறு நிறைந்திருந்தது. கண்ணுக்கு எதிரே குஞ்சின் அலகு கீறலுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அவள் அந்தக் குன்றிமணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றாள். "இப்பப் பாத்தா அழகாத்தான் இருக்கு!"

வெளியே நிற்பவர்கள் மெச்சுவதற்காக வீட்டை அலங்கரிக்கும் முன்னால், உள்ளே இருப்பவர்களின் பசியையும் பயத்தையும் போக்குவதே வீட்டை அழகாக்கும் முதல் வேலை.