கிணற்றுப் படம்

செண்பகமூர்த்திக்கு நாற்பத்தாறு வயதில் ஒரு குரு கிடைத்தார். பெயர் அமலி. வயது முப்பது. சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஆழம் தெரியும் படங்கள் செய்துவந்தார். ஒரே காட்சியைப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து பலமுறை படம் எடுப்பார். அத்தனையையும் மயிரிழைக் கீற்றுகளாக்கிக் கலந்து அச்சிட்டு, மேலே வரிவரியான பிளாஸ்டிக் தகட்டை ஒட்டுவார். அந்த வரிகள் இடது கண்ணுக்கு ஒரு படத்தையும் வலது கண்ணுக்கு இன்னொரு படத்தையும் காட்டும். தட்டைத் தாளில் பள்ளம் விழும்.

மூர்த்திக்கு இடது கண் கிடையாது. ஒன்பது வயதில் ஒரு மத்தாப்புப் பொறியில் போனது. அமலிக்கு அது தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டு வருடம் கற்றபின் மூர்த்தி தனியாக ஒரு படம் செய்தார். பாழுங்கிணறு ஒன்றின் மேல் பலகை போட்டு, கேமராவை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பதினாறு படங்கள் எடுத்தார். அச்சிட்டுக் கதவளவுத் தகட்டை ஒட்டி, சுவரில் சாய்த்து வைத்தார்.

கீழே காகிதம் மடிக்கும் பெண்கள் பார்க்க வந்தார்கள். ஒருத்தி, "யாத்தே!" என்று பின்வாங்கிப் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் போனபின் மூர்த்தி படத்தின் முன் நின்றார். கல்லும் தண்ணீரும் சுவரில் முளைத்த அரசங்கன்றும் ஒரே தாளில் ஒட்டிக்கிடந்தன.

"நாளையிலிருந்து நான் வரல, டீச்சர்."

"ஏன் அண்ணாச்சி?"

"ஊரே பயந்து போகுது. எனக்கு அதுல கிணறே இல்ல. நான் செஞ்சது எனக்குக் கிடையாதா?"

அமலி படத்தின் முன் போய் நின்று, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். வெகுநேரம் அசையவில்லை.

"ஆமா. எனக்கும் இல்ல" என்றார்.

பிறகு பொத்திய கையை எடுக்காமலே, படத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்ல நடந்தார். பாதியில் அவர் கால் நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இங்க வாங்க. நிக்காதீங்க. நடங்க."

மூர்த்தி நடந்தார்.

முதல் எட்டில் அரசங்கன்று கல்லை விட்டுப் பிரிந்தது. அடுத்த எட்டில் எதிர்ச்சுவர் பின்னால் போனது. தண்ணீர் கீழே, கீழே, இன்னும் கீழே இறங்கியது. இலைகள் விலகின. தனித்தனிப் படங்களில் நிழல் என்று அவர் நினைத்திருந்த இடத்தில், பொந்துக்குள் ஒரு புறா அடைகாத்துக்கொண்டிருந்தது.

அவர் கை தானாகச் சுவரைத் தேடிப் பிடித்தது. திரும்ப நடந்தார். இலைகள் மூடின. மறுபடி நடந்தார். புறா இருந்தது.

"டீச்சர், ரெண்டு கண்ணு இருக்கிறவங்க பார்க்கிறதும் இதுதானா?"

அமலி இன்னும் கண்ணைப் பொத்தியபடியே இருந்தார்.

"தெரியல அண்ணாச்சி. ரெண்டு கண்ணும் இருந்ததால, நான் இதுவரை நின்ன இடத்தை விட்டு நகர்ந்ததே இல்ல."