குடம் நெறைஞ்ச அன்னைக்கு

"குடம் நெறைஞ்சா கடல் காலியாயிருமா?"

வந்ததும் வராததுமா இப்படித்தான் கேட்டேன். ஒரு தோத்திரம் கூடச் சொல்லல.

சலேத் நிமிந்து பாக்கல. கொடிமரத்தடியில ஐஸ் பெட்டியைக் கவுத்துப் போட்டு, அதுமேல உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தாங்க.

"கேக்குறது காதுல விழுதா, அக்கா?"

"விழுது. பக்கத்து ஊருக்கும் விழுந்திருக்கும்."

"அப்போ பதில் சொல்லுங்க."

"இப்படி உக்காந்து நாலு வெங்காயம் உரிங்க, அண்ணே."

"நான் வெங்காயம் உரிக்கவா வந்தேன்?"

"அழத்தான வந்தீங்க. ரெண்டும் ஒரே வேலையில முடிஞ்சிரும்."

சலேத் என்னைவிட நல்லாச் சின்னவங்க. நான் அக்கான்னு கூப்பிடுறேன், அவங்க என்னை அண்ணேன்னு கூப்பிடுறாங்க. ஊர் சிரிக்குது. சிரிச்சிட்டுப் போகட்டும்.

பனைமுனையில நான் சண்டை போடாத ஆள் கிடையாது. ஏலக்காரன், டீசல் ஊத்துறவன், பங்குச்சாமி, யாரையும் விட்டு வைக்கல. "ராயப்பன் வாயை அடக்கணும்னா சலேத்தாலதான் முடியும்"னு ஊர்க் கமிட்டி என்னை இங்க சீடனாத் தள்ளி விட்டுருச்சு.

சலேத்தும் ஒரு காலத்துல ஏலம் விட்டவங்கதான். கடற்கரை முழுக்கக் கேக்குற குரல். ஒருநாள் பாதி ஏலத்துல வாயை மூடிட்டு, நேரா இந்தக் கொடிமரத்தடிக்கு வந்து உக்காந்துட்டாங்க. ஏன்னு யார்கிட்டயும் சொல்லல. அன்னையில இருந்து மனசுல ஏதாவது உறுத்துனா ஆளுங்க இங்கதான் வருவாங்க.

அவங்க காலடியில குடம்.

சிங்கி இறால் சீசன் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி, மீன்துறை ஆபீசரும் கமிட்டியும் உக்காந்து, இந்த வருஷம் ஊர் மொத்தமும் எம்புட்டுப் பிடிக்கலாம்னு பேசி முடிப்பாங்க. அதுக்கு ஏத்த மாதிரி ஒரு மண் குடம் வைப்பாங்க. ஒரு கூடை ஏலம் போனா ஒரு சிப்பி உள்ள விழும். சிப்பி வாய் வரைக்கும் வந்துருச்சுன்னா செவப்புக் கொடி ஏறும். கொடி ஏறுனப்புறம் ஒரு சிங்கி கூடக் கரையேறக் கூடாது. வள்ளத்துல உசுரோட இருக்குறதையும் திரும்பக் கடல்ல விட்டுறணும்.

கொடி ஏறுற வரைக்கும் கடல் எல்லாருக்கும் தொறந்திருக்கும்.

குடத்தை யார் வீட்டுல வச்சாலும் சந்தேகம் வரும். அதனால சலேத்கிட்ட வச்சாங்க. சிப்பி போடுற வேலை சீடன் எனக்கு.

அன்னைக்குக் காலையில சிப்பி குடத்துக் கழுத்தைத் தொட்டுருச்சு.

"அக்கா, கித்தேரி இன்னைக்குத்தான் கடலுக்குப் போயிருக்கா."

"தெரியும்."

கித்தேரி என் தங்கச்சி. ஊர்ல தானே வள்ளம் ஓட்டுற பொம்பள அவ ஒருத்திதான். சீசன் தொடங்கும்போது இஞ்சின் படுத்துருச்சு. ஊரே சிங்கியை அள்ளிக்கிட்டு வரும்போது இவ மெக்கானிக் பின்னாடி அலைஞ்சா. நேத்துதான் இஞ்சினுக்கு உசுரு வந்துச்சு. இன்னைக்கு விடியும்போது போயிருக்கா.

"இந்தக் குடத்துல அவளோட சிப்பி ஒண்ணு கூட இல்லக்கா. ஒண்ணே ஒண்ணு கூட."

சலேத் ஒரு வெங்காயத்தை உரிச்சு முடிச்சாங்க.

"கடல்ல சிங்கி இல்லைன்னா சரி, விதின்னு வீட்டுல இருந்துருவோம். அங்க கெடக்கு! கடலடிப் பாறைப் பார் பூரா கெடக்கு! ஒரு மண்சட்டி நெறைஞ்சிருச்சுன்னு அதைத் தொடாம இருக்கணுமா? எந்த ஊரு நியாயம்?"

"குடத்தைச் சட்டிங்காதீங்க. கோவிச்சுக்கும்."

எனக்கு உச்சந்தலை கொதிச்சுது.

சலேத் வெங்காயத்தை முந்தானையில அள்ளிக்கிட்டு, கழுவுறதுக்குக் குழாயடிக்குப் போனாங்க.

நான் குடத்தையே பாத்தேன். ரேஷன் கடையில "குலுக்கி அளந்து போடுய்யா"ன்னு சண்டை பிடிச்சவன் நான். இம்புட்டு நாளா இந்தக் குடத்தை ஒருத்தனும் குலுக்கல. யாருக்கும் தோணல.

இடுப்புல தூக்கி வச்சு நல்லா நாலு குலுக்கு குலுக்குனேன்.

சிப்பியெல்லாம் சலசலன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணு அமுங்கி எறங்குச்சு. கழுத்துல இருந்தது தோளுக்குக் கீழ போயிருச்சு. எனக்குச் சந்தோஷம்னா சந்தோஷம். கித்தேரிக்கு எடம் வந்துருச்சு.

சலேத் வந்தாங்க. குடத்தைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க.

"குலுக்குனீங்களா?"

"அதுவா அமுங்குச்சு."

"நல்லா அமுங்கியிருக்கு."

"அளவுன்னா குலுக்கித்தான் அளக்கணும். குலுக்கக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"இல்லையே."

"பெறகென்ன?"

"ஒண்ணுமில்ல. கையோட போய்க் கடலையும் ஒரு குலுக்கு குலுக்கிட்டு வந்துருங்க, அண்ணே. இன்னும் கொஞ்சம் சிங்கி உதிரும்."

அவங்க பாட்டுக்குக் போடுறதுக்குன்னு கீழ குவிச்சிருந்த சிப்பியை ரெண்டு கையாலயும் அள்ளி, நான் உண்டாக்குன எடத்துல கொட்டுனாங்க. சிப்பி திரும்பக் கழுத்து வரைக்கும் ஏறிருச்சு.

"அது என் தங்கச்சிக்கு வச்ச எடம்!"

"அப்படியா? பேர் எழுதலையே."

ஏலம் நடந்துக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு கூடையா போச்சு. ஒவ்வொரு சிப்பியா விழுந்துச்சு. நான் போடுற ஒவ்வொண்ணையும் திட்டிக்கிட்டே போட்டேன்.

கடைசிச் சிப்பி உள்ள எறங்கல. வாய்மேலயே நின்னுச்சு.

சலேத் கொடிக்கயித்தை எடுத்து என் கையில குடுத்தாங்க.

"நானா?"

"நீங்கதான சிப்பி போட்டது."

அப்பத்தான் பாத்தேன். ஆமைப்பாறைக்கு அந்தப் பக்கம், தூரத்துல, நீல வள்ளம். கித்தேரி. வள்ளம் தண்ணியில அமுங்கி வந்துச்சு. வெறும் வள்ளம் அப்படி வராது.

"அக்கா, அந்தா வர்றா பாருங்க."

"ம்."

"கொஞ்ச நேரம். அவ கரையைத் தொடுற வரைக்கும். அதுக்கப்புறம் நானே ஏத்துறேன், சத்தியமா."

மறுப்பாங்கன்னுதான் நெனைச்சேன். மறுத்தா என்ன பேசணும்னு கூட வரிசையா வச்சிருந்தேன்.

"சரி"ன்னாங்க. "நில்லுங்க."

நின்னேன். கயிறு கையில. கண்ணு வள்ளத்துல.

ஏலக்கூடத்துப் பக்கமிருந்து பெஞ்சமின் குரல் கேட்டுச்சு. எப்பவும் என்னை வம்புக்கு இழுக்குறவன்.

"லேய் ராயப்பா! குடம் நெறைஞ்சிருச்சுன்னாங்க, கொடியைக் காணோம்?"

"கொஞ்சம் இரு!"

"ஏன் இருக்கணும்? கொடி ஏறலைன்னா கடல் தொறந்திருக்குன்னு அர்த்தம். எலேய், வள்ளத்தை எறக்குங்கலே! சிங்கி வலையெல்லாம் பார்லதான கெடக்கு. ஓடிப்போய் இன்னொரு நடை தூக்கிட்டு வந்துரலாம்!"

கரையே எந்திரிச்சுது. இந்தப் பக்கம் ஒரு வள்ளம் மண்ணை உரசி எறங்குச்சு. அந்தப் பக்கம் இன்னொண்ணு. இஞ்சின் ஒவ்வொண்ணா உறும ஆரம்பிச்சுது. காலையில ஏலம் முடிச்சுச் சாளை வலை உதறிக்கிட்டு இருந்தவன் கூட உதறுன வலையைப் போட்டுட்டு ஓடுறான்.

"நில்லுங்கடா! கித்தேரி ஒருத்தி வந்து சேரட்டும்னுதான் நிக்கேன்! உங்களுக்கு இல்ல!"

பெஞ்சமின் வள்ளத்துல ஒரு காலும் தண்ணியில ஒரு காலுமா நின்னு திரும்பிப் பாத்தான்.

"ஏன்டே, உன் தங்கச்சிக்கு மட்டும் தனிக் கடலா?"

நான் சலேத்தைப் பாத்தேன். அவங்க உரிச்ச வெங்காயத்துல ஒட்டியிருந்த தோலை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு இருந்தாங்க. உலகத்துல வேற வேலையே இல்லாத மாதிரி.

"அக்கா, ஏதாவது சொல்லுங்களேன்!"

"நிக்கச் சொன்னீங்க. நிக்கோம்."

கித்தேரி வள்ளம் ஆமைப்பாறைகிட்ட வந்துருச்சு. அவ தலைத்துண்டு தெரிஞ்சுது. நின்னுக்கிட்டு ஓட்டுறா. கையை ஆட்டுறா. சந்தோஷமா இருந்தாத்தான் அப்படி ஆட்டுவா.

கயித்தை இழுத்தேன்.

கண்ணை மூடிக்கிட்டு இழுத்தேன். கொடி மேல போய்ப் படபடன்னு அடிச்சுது.

இஞ்சின் ஒவ்வொண்ணா அமந்துச்சு.

நீல வள்ளமும் நின்னுச்சு. அலையில சும்மா ஆடிக்கிட்டே கெடந்துச்சு. பெறகு மெதுவா மூக்கைத் திருப்பி ஆமைப்பாறை ஓரமாப் போச்சு.

அவ குனியுறதும் நிமிருறதும் தெரிஞ்சுது. குனிஞ்சா, நிமிந்தா. குனிஞ்சா, நிமிந்தா. தூக்கி எறியல. ஒவ்வொரு சிங்கியையும் கையைத் தண்ணிக்குள்ள விட்டு எறக்குனா.

பெஞ்சமின் தண்ணியில எறங்கி, தன்னோட வள்ளத்தைத் திரும்ப மேல தள்ளுனான். யாரும் கூப்பிடாமலே நாலு பேர் போய்க் கை குடுத்தாங்க.

நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

கித்தேரி வந்து நின்னா. இடுப்பு வரைக்கும் நனைஞ்சிருந்தா.

"கொடியை ஏத்துனது யாரு?"

"நான்தான்."

"அதான பாத்தேன். கோணலாத் தொங்குது."

"கித்தேரி..."

"கயித்தை ஒழுங்காக் கட்டத் தெரியாதா உனக்கு? கடற்கரையிலதான பொறந்த?"

"உனக்குக் கோவம் வரலையா?"

"வந்துச்சு. அங்க நிக்கும்போது வந்துச்சு. உன்னைக் கெட்ட வார்த்தையில திட்டுனேன். பெஞ்சமினையும் திட்டுனேன். அந்த ஆபீசரையும் விடல." உள்ளங்கையை விரிச்சுக் காட்டுனா. செவப்பாக் கோடு கோடா கீறல். "இந்தா பாரு. விடமாட்டேன்னு ஒரு சிங்கிப்பய சண்டை போட்டான். அசல் உன்னை மாதிரியே. அவனை விடும்போது சிரிப்பு வந்துருச்சு."

"எல்லாம் போச்சேட்டி."

"எங்க போச்சு? கடல்லதான விட்டேன். கெணத்துலயா போட்டேன்?"

"வீட்டுக்கு என்ன பண்ணுவ?"

"சாளை வலை இருக்கு. ஊளி மீனு வருது. இஞ்சின் ஓடுது. சிங்கி மட்டுந்தானா மீனு?" சலேத் பக்கம் திரும்புனா. "அக்கா, வயிறு பத்துது. கஞ்சி இருக்கா?"

"இருக்கு. ஒனக்குத்தான் வெங்காயம் உரிச்சேன்."

மூணு பேரும் கொடிமர நெழல்ல உக்காந்து கஞ்சி குடிச்சோம். கித்தேரி வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு இஞ்சினைப் பத்தியே பேசுனா. எப்படிச் சத்தம் போடுது, எப்படி எடுத்த எடுப்புல புடிக்குது, மெக்கானிக் எப்படி அசந்து போனான்னு. சலேத் எல்லாத்துக்கும் ம் கொட்டுனாங்க. நான் மட்டும் கஞ்சிக்கு உப்பு பத்தலன்னு சொன்னேன். ஏதாவது சொல்லணும்ல.

குடிச்சு முடிச்சதும் சலேத் குடத்தை என் பக்கம் நகத்துனாங்க.

"ஆமைப்பாறை ஓரமாக் கொட்டிட்டு வாங்க, அண்ணே."

"காலையில நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல."

"என்ன கேட்டீங்க?"

"குடம் நெறைஞ்சா கடல் காலியாயிருமான்னு கேட்டேன்."

"இப்பக் குடத்தைக் காலி பண்ணப் போறீங்கள்ல? கடல் எப்படி இருக்குன்னு கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"இது ஒரு பதிலா?"

"போங்கண்ணே. கை வலிக்கப் போகுது."

மொணமொணன்னு திட்டிக்கிட்டே எறங்குனேன். தொடை வரைக்கும் தண்ணி. வெயில்ல பாறை சூடா இருந்துச்சு, தண்ணி குளுகுளுன்னு இருந்துச்சு. குடத்தைச் சாய்ச்சேன். சிப்பியெல்லாம் மினுமினுன்னு சுத்திக்கிட்டே கீழ போச்சு. உள்ள ஒண்ணு மாட்டிக்கிச்சு. விரலை விட்டு நோண்டி அதையும் எடுத்துப் போட்டேன்.

நிக்கச் சொன்னாங்களேன்னு நின்னேன். ஒண்ணும் இல்ல. தண்ணிதான். போய் நல்லா நாலு கேள்வி கேக்கணும்னு நெனைச்சேன்.

கணுக்கால்ல ஏதோ பட்டுச்சு.

பாசின்னு நெனைச்சேன். மெல்லிசா, நீளமா இருந்துச்சு. திரும்பப் பட்டுச்சு. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு.

குனிஞ்சு பாத்தேன். பாறை இடுக்குக்குள்ள இருந்து ரெண்டு சிங்கி மீசை வெளிய வந்து, என் காலைத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. நம்ம எடத்துல புதுசா எவன்டா தூணு நட்டு வச்சதுன்னு கேக்குற மாதிரி.

பக்கத்து இடுக்குலயும் மீசை. அதுக்கு அடுத்ததுலயும்.

கரையில இருந்து சலேத் குரல் வந்துச்சு. பழைய ஏலக் குரல்.

"என்னண்ணே! கடல் எப்படி இருக்கு?"

"அண்ணனுக்கு வாயடைச்சுப் போச்சா?" கித்தேரி கத்துனா. "ஏ, ஊர்ல எல்லாரும் ஓடியாங்க, அதிசயம்!"

நான் காலை அசைக்கல.

வாயைத் தொறந்தா தண்ணி கலங்கிருமோன்னு இருந்துச்சு.