துண்டு மூடிய திரை

“அம்மா, வழி தவறிப் போனவன் திரும்பி வர்றது எப்படி?” என்று ஆவுடையப்பன் கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விகளை அவர் வழக்கமாகத் தியானம் முடிந்த பிறகு, கண்ணை மூடியபடி கேட்பார். அன்றைக்குக் கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. கையில் டிவிடி பிளேயரின் ரிமோட் இருந்தது.

இசக்கியம்மாள் அடுக்களையில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய தியான வீட்டுக்கு அவர்தான் குரு. வயது நாற்பதைத் தாண்டவில்லை. ஆவுடையப்பனோ தபால் இலாகாவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள்.

“எங்கே போய்த் தொலைஞ்சீங்க அண்ணாச்சி?”

“சீனாவுக்கு,” என்றார் அவர். சிரிக்கவில்லை.

அன்று முற்பகலில் கோமதி வருவதாக இருந்தது. அவருடைய கணவர் சிவஞானம், ஒரு நாள் வீட்டில் சொல்லாமல் கிளம்பி இங்கே வந்து, இங்கேயே இருந்து, போன ஆடியில் இங்கேயே கண்ணை மூடியவர். கோமதி ஒரு தடவைகூட வந்ததில்லை. இங்கே இருந்தவர்கள் பேசியதை ஓர் அன்பர் படம் பிடித்து டிவிடியாகப் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் சிவஞானமும் பேசுகிறார், வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார், வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று அவர்கள் மகனிடம் மன்றாடியவர் ஆவுடையப்பன். மகனுக்கு இஷ்டமில்லை. ஒரே ஒரு தடவை கூட்டி வருகிறேன், அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாள் குறித்த பிறகுதான் இன்னொன்றையும் சொன்னார். அப்பா வீட்டை விட்டுப் போனதற்கப்புறம் அம்மாவுக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்து, இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை.

பேசுவது தமிழ் எழுத்தாகப் படத்தின் அடியில் ஓடுகிற வசதி அந்த டிவிடியில் இருந்தது. ரிமோட்டில் அதற்கான பொத்தான் தேய்ந்து செத்துப்போயிருந்ததால் ஆவுடையப்பன் பிளேயரின் அமைப்புப் பட்டியலான செட்டப்புக்குள் நுழைந்தார். எழுத்துக்கான வரி என்று நினைத்து, அதற்கு மேல் வரியில் கை வைத்துவிட்டார். அது பிளேயரின் சொந்த மொழிக்கான வரி. கண் இமைப்பதற்குள் செட்டப் முழுவதும் சீன எழுத்தாகிவிட்டது. பதறிப்போய் அங்கும் இங்கும் அமுக்கியதில் படத்தின் அகலமும் கெட்டு, சிவஞானம் பனைமரம் போல ஒடுங்கி நீண்டுவிட்டார். பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். பிளேயர் எதையும் மறக்கவில்லை. படம் எடுத்த அன்பர் போனை எடுக்கவில்லை.

“தென்காசி தாண்டிட்டாங்களாம்,” என்றார் ஆவுடையப்பன். “படிக்காம ஒரு தாள்லகூட கையெழுத்துப் போட்டவன் இல்லம்மா நான். இதுல எதைப் படிக்க?”

இசக்கியம்மாள் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். திரையைச் சற்று நேரம் பார்த்தார்.

“போன அமாவாசைக்கு யார் மடியில உட்கார்ந்தீங்க அண்ணாச்சி?”

அமாவாசை மாலைகளில் அந்த வீட்டில் விளக்கு ஏற்றுவதில்லை. இருட்டோடு வந்து அவரவர் இடத்தில் அவரவர் உட்கார வேண்டும். சேர்ந்த புதிதில் ஆவுடையப்பன் நேராகப் போய்ச் சிவஞானத்தின் மடியில் உட்கார்ந்துவிட்டார். சிவஞானம் அசையாமல், சௌகரியமாக இருக்கிறதா என்று விசாரித்ததைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பார்கள்.

“இப்பல்லாம் என் இடத்துலதான் உட்காருதேன்,” என்றார் ஆவுடையப்பன், கொஞ்சம் ரோஷத்தோடு.

இசக்கியம்மாள் தோளில் கிடந்த துண்டை உதறி டிவியின் மேல் போட்டார். திரை மூடிக்கொண்டது.

“இப்பப் போங்க.”

“ஒண்ணுமே தெரியலையே அம்மா.”

“இவ்வளவு நேரம் மட்டும் என்ன தெரிஞ்சுது?”

வாசலில் கார் வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் ரிமோட்டைப் பிளேயருக்கு நேராக நீட்டினார். செட்டப்பை அமுக்கினார். காலையில் கட்டைவிரல் போன தடத்தை நினைத்துப் பார்த்தார். முதல் வரி. அதிலிருந்து வலது பக்கம். அங்கே கீழே ஒரு படி இறங்கியதில்தான் வினை வந்தது. இப்போது மேலே ஒரு படி ஏறினார். ஓகேயை அமுக்கினார்.

இசக்கியம்மாள் துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பழைய ஆங்கில எழுத்துகள், ஒன்றுமே நடக்காதது போல வரிசையாக நின்றன. ஆவுடையப்பன் அவசர அவசரமாக அகலத்தைச் சரி செய்தார். எழுத்தை ஓட விட்டார். சிவஞானம் தன் உருவத்துக்குத் திரும்பினார்.

கோமதி மட்டும்தான் உள்ளே வந்தார். மகன் காரிலேயே இருந்துகொண்டார். கோமதி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

திரையில் சிவஞானம், மடியருகே இரண்டு கைகளையும் விரித்தும் மடக்கியும் பேசினார். கோமதியின் உதடுகள் எழுத்தோடு கூடவே அசைந்தன.

“பல நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கேன். நம்ம ஊர் பஸ் நிக்கும். என்ன சொல்லிக் கதவைத் தட்டுறதுன்னு தெரியாது. வந்த வழியே இங்க திரும்பிருவேன்.”

கூப்பிட்டது தப்போ என்று ஆவுடையப்பன் நினைத்தார். கோமதி, காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், திரையைப் பார்த்தே சொன்னார்.

“தட்டினாலும் எனக்குக் கேட்டிருக்காதே. சும்மா தள்ளிட்டு வந்திருக்கலாம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆவுடையப்பன் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, அந்த எழுத்தை எடுத்துட்டு இன்னொரு தடவை போடுங்க. அது அவங்க கையை மறைக்குது.”

ஆவுடையப்பன் ரிமோட்டைப் பார்த்தார். மறுபடியும் செட்டப்புக்குள் போக வேண்டும். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது. திரும்பி இசக்கியம்மாளைப் பார்த்தார்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார்.

“வேணுமா, அண்ணாச்சி?”