தன் இடத்தில் இல்லாத ஆணி

உப்பங்கழி ஒன்றின் மேல் ஓர் இரும்புப் பாலம் இருந்தது. அதன் ஆணிகளுக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகத்தான் சொல்ல வேண்டும். முதலில், பாலத்தைத் திறந்துவைத்த துரையின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். பாலத்தைப் பிடித்து நின்ற ஆணிகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கிடைக்கவில்லை. அடுத்து, மாட்டு வண்டிக்குக் கட்டிய பாலத்தில் பஸ் விட்டார்கள். பஸ்ஸுக்குப் பின்னால் உப்பு லாரி வந்தது. பிறகு, துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே சாயம் அடித்தார்கள். கடைசி அநியாயம் கொம்பையாவுக்கு நடந்தது.

கொம்பையா ஒரு ரிவிட் ஆணி. பழுக்கக் காய்ச்சி அதை அடித்து இறக்கிய கூலியாளின் பெயர்தான் ஆணிக்கும் நின்றுவிட்டது. நடைபாதையைத் தாங்கும் மூட்டில் அதற்கு இடம். லாரி போகும் போதெல்லாம் மூட்டுத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிவது அதற்கு உடம்பில் தெரிந்தது.

நல்ல ஆணியைத் தட்டினால் ‘ணங்’ என்னும். ஆட்டம் கண்ட ஆணி ‘தொக்’ என்னும். இதை வைத்துத்தான் பாலத்தைச் சோதிப்பார்கள்.

“மூட்டு விடப்போகுது,” என்றது கொம்பையா, பக்கத்து ஆணிகளிடம். “மேலே நடக்கிற ஜனம் கழியில விழும். சுத்தியல் வரும்போது எல்லாரும் ‘தொக்’குன்னு சொல்லுவோம். ஒருத்தன் சொன்னா ஆணி கெட்டதும்பாங்க. எல்லாரும் சொன்னா பாலத்தை மூடிச் சரிபண்ணித்தான் ஆகணும்.”

“சரி அண்ணாச்சி,” என்றன ஆணிகள். சத்தியமும் செய்தன.

அன்று சாயங்காலம் வெள்ளிச் சாயம் டப்பாவிலிருந்து எட்டிப் பார்த்தது. “நூறாவது ஆண்டு விழா வருது. ‘ணங்’குன்னு சொல்றவங்களுக்கு நான். மத்தவங்களுக்கு உளி.”

மறுநாள் சுத்தியல் வந்தது. முதல் ஆணி ‘ணங்’ என்றது. அடுத்தது அதைவிட உரக்க. அதற்கடுத்தது கோயில் மணிபோல.

கொம்பையா ‘தொக்’ என்றது.

“என்னலே, உடம்புக்கு முடியலையா?” என்றது சுத்தியல்.

“எனக்கு ஒண்ணுமில்லை. மூட்டுக்குத்தான்.”

“மூட்டைப் பத்தி உன்கிட்ட யாருலே கேட்டா? தட்டினா உன் சத்தத்தை மட்டும் சொல்லு.”

“இதுதான் என் சத்தம்.”

பக்கத்து ஆணிகள் அண்ணாச்சியை முன்பின் பார்த்திராததுபோல் நின்றன.

மேஸ்திரி கொம்பையாவைச் சுற்றிச் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். “இது ஒண்ணுதான் கெட்டது. வெட்டி எடுத்துரு.”

“புதுசு போடணுமேய்யா?” என்றான் சுத்தியல் பிடித்தவன்.

“மத்ததெல்லாம் ‘ணங்’குதுல்ல? அதுக தாங்கிக்கிடும்.”

உளி தலையைக் கொய்தது. கொம்பையா கழிச் சேற்றில் போய் விழுந்தது. ஓட்டையில் மக்குப் பசை அப்பி, மேலே வெள்ளிச் சாயம் பூசினார்கள். விழாவில் பாலம் பளபளத்தது.

சில மாதங்களில் ஓர் உப்பு லாரி ஏறியபோது மூட்டு பிளந்தது. நடைபாதை சரிந்தது. மீன் கூடையோடு வந்த ஒருத்தி கழியில் விழுந்தாள். கூடை மிதந்தது. அவள் பெயரை யாரும் விசாரிக்கவில்லை.

மூட்டைச் சங்கிலியால் இழுத்துக் கட்டியதும் லாரிகள் மறுபடி ஓடின. துரையின் கல் தலைமையில் விசாரணை கூடியது.

“துரு இருந்தது எனக்குத் தெரியாது,” என்றது வெள்ளிச் சாயம்.

“அந்த ஆணி சரியில்லைன்னு அன்னைக்கே கண்டுபிடிச்சேன்,” என்றது சுத்தியல்.

“எங்களை அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டான்,” என்றன மிஞ்சிய ஆணிகள். ஒன்று அழக்கூடச் செய்தது.

கல் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிகள் எல்லாருக்கும் கேட்கும்படி தீர்ப்பை வாசித்தது. “சம்பவ நேரத்தில் தன் இடத்தில் இல்லாதது ஓர் ஆணி மட்டுமே. சாவுக்குக் காரணம் அதுவே. குற்றவாளியின் பெயர் இப்போது வாசிக்கப்படும்.”

கீழே, நீர் வற்றிய சேற்றில் தலையில்லாமல் கிடந்த ஆணிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நூறு வருஷத்தில் அந்தப் பாலத்தில் ஓர் ஆணியின் பெயரை உரக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

“கொம்பையா.”