மூன்று நாளா, இரண்டு நாளா

விருத்தாசலத்தில் முன்பு ஒரு சனிக்கிழமை வகுப்பு நடந்துவந்தது. மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களின் குடும்பத்தாருக்கான வகுப்பு. நடத்தியவர் ஆரோக்கியமேரி என்ற நர்ஸ். அவருக்கு முப்பத்தொன்பது வயது. முதல் வரிசையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த தணிகாசலத்துக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊருக்கே வாத்தியாரான அவர் அந்தப் பெண்ணை ஒரு மாணவனைப்போல அழைத்தார். டீச்சர்.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

“தம்பி மறுபடியும் ஆஸ்பத்திரிக்கே போறேங்கிறான், டீச்சர்.”

“மாத்திரை?”

“ஒரு வேளைகூடத் தவறல.”

“தூக்கம்?”

“ஏழு மணி நேரம். எழுதி வச்சிருக்கேன்.” நோட்டைத் திறந்து காட்டினார். “டிவி சத்தமா வைக்கறதில்ல. பேப்பர்ல கெட்ட செய்தி இருந்தா ஒளிச்சு வச்சிடறேன். வீட்டுக்கு வந்த பதினோரு மாசமா அவன் மனசு நோக ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் இன்னும் என்னதான் செய்யணும்?”

மேரி நோட்டின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

“நாளைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரேன் சார்” என்றார்.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர் மட்டும்தான். தணிகாசலத்தின் மனைவி காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. தம்பி சபாநாயகம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். மனநோய் வந்து வேலையை விட்டு, பல முறை மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சபாநாயகம் தலை நிமிரவில்லை.

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார் மேரி.

“நல்லா இருக்கான்” என்றார் அண்ணன்.

“ராத்திரி தூங்கினீங்களா?”

“நல்லாத் தூங்கினான்.”

மேரி அண்ணனைப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்கே போகணும்னு சொன்னீங்களாமே. அங்க என்ன இருக்கு?”

சபாநாயகம் சோற்றைப் பிசைந்தார்.

“அங்க பக்கத்துக் கட்டில்காரன் என் சோப்பை எடுத்துக்குவான், சிஸ்டர். தினமும் சண்டைதான்.” சொல்லும்போதே அவர் உதட்டில் மெல்லிய சிரிப்பு வந்து போனது.

மேரி ரசத்தை ஊற்றிக்கொண்டார். பிறகு சும்மா பேச்சுக்குச் சொல்வதுபோல் சொன்னார். “எங்கப்பா அந்தக் காலத்துல மெட்ராசுக்கு டிரங்க் கால் போடுவாராம். அஞ்சே நிமிஷத்துல லைன் கிடைச்சிடுமாம்.”

“அது லைட்னிங் கால், பல மடங்கு காசு கட்டணும்” என்றார் சபாநாயகம், இலையைப் பார்த்தபடி.

“இல்லயே. சாதாரண கால்தான்.”

“சாதாரண காலுக்கு அரை நாள் ஆகும்.”

“எங்கப்பா பொய் சொல்ல மாட்டார்.”

“உங்கப்பாவுக்கு ஞாபகம் தப்பியிருக்கும்.”

“எங்கப்பாவையா சொல்றீங்க?” மேரியின் குரல் உயர்ந்தது.

தணிகாசலம் பதறிப்போனார். தம்பிக்குத் தெரியாமல் கையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். மேரி கண்டுகொள்ளவில்லை.

“எக்ஸ்சேஞ்ச் போர்டுல உக்காந்தவன் நான்!” சபாநாயகம் நிமிர்ந்தார். “ஹெட்போனைக் கழட்டினா காதுமடல் ரெண்டும் சுடும். இந்தப் பக்கம் வெங்காய மண்டி, அந்தப் பக்கம் பிரசவ வார்டு. எந்த வீட்ல எந்த நேரம் யாருக்கு போன் வரும்னு எனக்கு அத்துப்படி. ஆத்துல வெள்ளம் வந்த வருஷம் கடலூர் லைன் ஒண்ணுதான் உயிரோட இருந்தது. மாத்த ஆள் வர முடியல. மூணு நாள் எழுந்திருக்காம பேசினேன். ஊர்ல பாதிப் பேர் உயிரோட இருக்கற சேதி என் கையாலதான் போச்சு.”

“ரெண்டு நாள்” என்றார் தணிகாசலம்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் தப்பைத் திருத்திய வாய்.

“என்னது?”

“ஒண்ணுமில்லப்பா. நீ சாப்பிடு.”

“நீ என்ன சொன்னேன்னு கேட்டேன்.”

தணிகாசலம் மேரியைப் பார்த்தார். மேரி அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நாள்தான். மூணாம் நாள் காலையில தொப்பலா நனைஞ்சு வந்தே. நான்தான் கதவைத் திறந்தேன். உன் அண்ணி காபி போட்டுக் குடுத்தா.”

“அது நாலாம் நாள்!”

“மூணாம் நாள்டா. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. அண்ணி தலைக்குக் குளிச்சிருந்தா.”

“அண்ணி இருந்தா எனக்குத்தான் சாட்சி சொல்லியிருப்பாங்க. உனக்கு எப்பவும் நீ சொல்றதுதான் சரி. வீட்லயும் ஹெட்மாஸ்டர்!”

“நீ மட்டும் என்ன? ஒண்ண ரெண்டாச் சொல்றவன்!”

“நானா? இந்த ரசத்தைப் பத்தி நான் ஏதாவது சொன்னேனா? பதினோரு மாசமாப் புளி ஜாஸ்தி!”

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“சொன்னா உடனே கொட்டிட்டு வேற வைப்ப. ஒரு வார்த்தை திட்ட மாட்ட. எனக்கு எப்படி இருக்கும்?”

தணிகாசலம் ரசப் பாத்திரத்தைப் பார்த்தார். சபாநாயகத்துக்கு மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. இருந்தும் அவர் மறுபடி சோறு போட்டுக்கொண்டார். அதே ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மேரி கை கழுவிக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை பின்னாலேயே வந்தார் தணிகாசலம்.

“டீச்சர், இதனால மறுபடி நோய் வந்துடாதா?”

“நோய் எதனாலயும் திரும்ப வரலாம். மாத்திரையை நிறுத்தாதீங்க. தூக்கம் குறைஞ்சா அன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்க.”

“அப்போ நான் அவன்கிட்ட எப்படித்தான் இருக்கணும்?”

மேரி செருப்பை மாட்டிக்கொண்டார்.

“மூணு நாள்ங்கறார். அதை ஒத்துக்கறீங்களா?”

“எப்படி ஒத்துக்க முடியும் டீச்சர்? ரெண்டு நாள்தான். நல்லா ஞாபகம் இருக்கு.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “அண்ணே! அன்னிக்கு வெள்ளிக்கிழமையே இல்ல!”

“கூப்பிடறார் சார்” என்றார் மேரி. “போய்ப் பதில் சொல்லுங்க.”