நூலக வாசலில் ஒரு வாழ்த்து

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மதியம். நூலகர் தில்லைவாணன் வியர்க்க விறுவிறுக்க மடத்துக்குள் நுழைந்தார். ஞானவல்லி அம்மா அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தில்லைவாணனுக்குக் குருவானாலும் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

“அம்மா, ஒரு சந்தேகம். பொது இடத்துல சொல்ற வாழ்த்துல மதம் இருக்கலாமா?”

“என்ன ஆச்சு?”

நடந்ததைச் சொன்னார். காலையில் நூலக வாசல் கரும்பலகையில் ‘கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தார். அரசுக் கட்டடத்தில் ஒரு மதத்தின் பண்டிகை எதற்கு என்றார் ஒரு வாசகர். தில்லைவாணன் அதை அழிக்கச் சொல்லி ‘விடுமுறைக்கால நல்வாழ்த்துகள்’ என்று எழுதினார். ஏன், பண்டிகைக்குப் பெயர் கிடையாதா என்று சண்டைக்கு வந்தார் இன்னொருவர். அதையும் அழிக்கச் சொல்லிவிட்டு வெறும் ‘நல்வாழ்த்துகள்’ என்று போட்டார்.

“அதைப் பார்த்துட்டு நாலு பேர், எனக்குப் பதவி உயர்வான்னு கை கொடுத்துட்டுப் போறாங்கம்மா.”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இப்போ பலகையில என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. அதுக்கும் அந்த ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து புகார் எழுதுறாங்க.”

“சரி, உங்க நூலகத்துல இது யாருக்குப் பண்டிகை?”

தில்லைவாணன் யோசித்தார். காலையிலிருந்து இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

“கூட்டித் துடைக்கிற பாக்கியமேரிக்கு.”

“அவங்க எதை எழுதச் சொன்னாங்க?”

“அவங்க எதுவும் சொல்லலை. அரை நாள் லீவு கேட்டாங்க. மணப்பாறையில மக வீடு. பேத்திக்கு இது முதல் கிறிஸ்துமஸாம்.”

“குடுத்தீங்களா?”

“எப்படிம்மா குடுக்கிறது? பலகையை அழிக்க ஆள் வேணுமே!”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தார். “பஸ் எத்தனை மணிக்கு?”

“ஒண்ணரைக்கு.”

“இப்போ மணி ஒண்ணு.”

தில்லைவாணன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். தெருமுனை வரை போனவர் அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

“அம்மா, அவங்ககிட்ட எந்த வாழ்த்தைச் சொல்லட்டும்?”

“‘கிளம்பும்மா’ன்னு சொல்லுங்க.”