நாலாவது கால்

முப்பது வருஷம் பஸ்ஸில் விசிலடித்து ஓய்ந்த கண்டக்டர் பொன்னுரங்கம், அதற்கப்புறம் தச்சு வேலை கற்க வந்து சேர்ந்தார். குரு மரியசெல்விக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அவர் அவளை "மேஸ்திரி" என்பார். அவள் அவரை "அண்ணே" என்பாள்.

விடிந்தால் அவர் பேத்தியைத் தொட்டிலில் போடுகிறார்கள். அந்தத் தொட்டிலை யார் கையும் படாமல் அவரே செய்து முடித்திருந்தார். பட்டறைத் தரையில் பெருமையாக இறக்கி வைத்தார்.

டக். நாலாவது கால் அந்தரத்தில் நின்றது.

"தரை சரியில்ல" என்றார்.

எதிர் டீக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். டக். பள்ளிக்கூட வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கேயும் டக்.

"தொட்டில்னா ஆடத்தானே மாமா செய்யும்?" என்று ஆறுதல் சொன்னான் டீக்கடைக்காரன்.

"தொட்டில் ஆடலாம்டா. கால் ஆடலாமா? பச்சைப் பிள்ளையப் போடணும்டா இதுல!"

வேர்க்க விறுவிறுக்கப் பட்டறைக்குத் திரும்பினார். ஆணியில் தொங்கிய, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் வைத்துக் கண்ணை இடுக்கினார். மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

"எல்லா மூலையும் சரின்னுதானே மட்டம் சொல்லுது, மேஸ்திரி!"

"கோடு போட்டு அறுத்ததும் இதே மட்டத்தை வெச்சுத்தானே?"

"ஆமா."

"அப்ப அது வேற என்ன சொல்லும்?"

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். "மரத்தை மட்டம் வெச்சுப் பார்க்கிறோம். சரி. மட்டத்தை எதை வெச்சுப் பார்க்கிறது?"

மரியசெல்வி விளிம்பு நேரான பலகை ஒன்றை எடுத்தாள். மட்டத்தை விளிம்போடு அணைத்து ஒரு கோடு இழுத்தாள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு.

ஒரே இடத்தில் கிளம்பிய இரண்டு கோடும், மேலே போகப் போக ஒரு நெல் அகலம் பிரிந்திருந்தன.

"மட்டம் சரியா இருந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் விழுந்திருக்கணும்" என்றாள். பொன்னுரங்கத்தின் குரல் இறங்கியது.

"போன மாசம் கைதவறிக் கீழ விழுந்துச்சு, மேஸ்திரி. நீங்க வெளிய போயிருந்தீங்க. துடைச்சு ஆணியில மாட்டிட்டேன். பேத்தி தொட்டில்லயே வந்து நிக்கும்னு நினைக்கல."

மரியசெல்வி மட்டத்தைப் பட்டடைக் கல்லில் வைத்து, மூலையில் சின்ன உளியால் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். கோடு இழுத்தாள். திருப்பினாள். மறுபடி இழுத்தாள். பலகையில் ஒரே கோடுதான் தெரிந்தது.

"நாலு காலையும் கழட்டுங்க அண்ணே. பொழுது சாயறதுக்குள்ள வெட்டி மாட்டிடலாம். தொட்டில் ஒரு விரக்கடை தாழும். உங்க பேத்தி ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."

அவர் நகரவில்லை.

"ஒரு வார்த்தை திட்டிடுங்க மேஸ்திரி. மனசு ஆறிடும்."

அவள் மட்டத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள்.

"விழுந்ததை நீங்களே சொல்லி, உங்களைத் திருப்பிப் போட்டுக் காட்டிட்டீங்களே அண்ணே. கோடு ஒண்ணாத்தான் விழுந்திருக்கு. ரம்பத்தை எடுங்க."